அகன்ற வரப்பு

(மயிலாடுதுறை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், சிவன் கோயில் முன்மண்டபத்தில் நடந்த முதலாண்டு நினைவு வழிபாட்டில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த மண்டபத்தில் பேச வரும்போது மட்டும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. இது நான் பிறந்த ஊர். அதோ அந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் முதன்முதலில் பெரிய புராணம் கேட்டேன். அன்றைக்கு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர்தான் இன்றைக்கு மாலை போட்ட படமாக இருக்கிறார்கள்.

அவர்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த ஊரில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர், சின்னவர். அவ்வளவுதான். தபால்காரர்கூட "சின்னவருக்கு ஒரு கடுதாசி" என்றுதான் வாசலில் குரல் கொடுப்பார். நானும் அப்படியே சொல்கிறேன்.

அண்ணன் தம்பி என்றால் பேசுகிறவர்கள் உடனே ராமனையும் லட்சுமணனையும் எடுப்பார்கள், இல்லையென்றால் பரதனை எடுப்பார்கள். நானே எத்தனையோ மேடையில் அப்படிப் பேசியிருக்கிறேன். இன்றைக்கு அது வேண்டாம். நமக்குப் பக்கத்திலேயே இரண்டு கிழ சகோதரர்கள் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை தவறாமல் வைத்தீசுவரன் கோயிலுக்குப் போகிறோம். சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லம் கரைக்கிறோம், தையல்நாயகி சந்நிதியில் நிற்கிறோம், திருச்சாந்துருண்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்கிறோம். அந்த ஊருக்குப் பழைய பெயர் என்ன? புள்ளிருக்கு வேளூர். புள் என்றால் பறவை, சடாயு. இருக்கு என்றால் இருக்கு வேதம். வேள் முருகப்பெருமான். ஊர் என்பது சூரியன். நாலு பேரும் பூசித்த தலம். சடாயு குண்டத்துச் சாம்பலை நெற்றியில் இட்டுக்கொண்டு வருகிறோமே, அந்தப் பறவைக்கு ஒரு அண்ணன் உண்டு. சம்பாதி. பக்கத்துச் சீர்காழியில் பிறந்த சம்பந்தப் பெருமான் அந்தத் தலத்தைப் பாடும்போது முதல் பாட்டிலேயே இருவர் பெயரையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். தம்பியை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. குண்டம் தம்பிக்கு, பாட்டில் இருவருக்கும் இடம். குழந்தையாக இருந்தபோதே அம்மையின் பால் குடித்துப் பாடத் தொடங்கியவருக்கு, இவர்களைப் பிரிக்கக்கூடாது என்று தெரிந்திருக்கிறது.

பெரியவரும் சின்னவரும் எப்படி வளர்ந்தார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1934-ஆம் வருஷம் ஆவணியில் மேட்டூர் அணை திறந்தார்கள். அப்போது பெரியவர் தூளிக் குழந்தை. சின்னவர் அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தார். அவர்கள் அப்பாவுக்கு ஒரு வேலி நிலம். இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன், ஒரு வேலி என்றால் இருபது மா, ஏக்கரில் ஆறே முக்கால் வராது. நாலு ஜோடி மாடு, ஒரு கூண்டு வண்டி, கூடத்தில் ஒரு பத்தாயம். சித்திரை பிறந்ததும் நல்லேர் பூட்டுவார்கள். கலப்பைக்கு மஞ்சள் தடவி, மாட்டுக் கொம்பில் பூச்சுற்றி, மூத்தவனை மேழியைப் பிடிக்கச் சொல்லி, இளையவனை முன்னால் மாட்டுக் கயிற்றைப் பிடிக்க விடுவார் அப்பா. இரண்டு சுற்று வந்த பிறகு இடம் மாற்றுவார். "உழுவுறவனுக்கும் இழுக்குறவனுக்கும் ரெண்டு வேலையும் தெரியணும்டா" என்பாராம். இதைச் சின்னவர் எனக்குச் சொன்னார்.

பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. அதற்குப் பிறகு அவர்கள் படித்ததெல்லாம் வயல்தான். எந்தப் பக்கம் நண்டு வளை அதிகம், எந்த மடையில் தண்ணீர் திருடும், ஐப்பசிக் காற்று எந்தத் திசையில் திரும்பினால் மழை நிற்காது என்பதெல்லாம் அவர்களுக்கு எழுத்துக்கூட்டாமல் வரும்.

இப்போது 1952-க்கு வருகிறேன். அந்தக் கார்த்திகையில் நாகப்பட்டினம் கரையில் புயல் ஏறியது. நம் வீடுகளில் பாட்டிமார்கள் "புயலடிச்ச வருஷம்" என்று எதையும் அதை வைத்துத்தான் கணக்குச் சொல்வார்கள். அன்று ராத்திரி இந்த ஊரில் நடந்த ஒன்றை ஒரு வருஷத்துக்கு முன்னால்தான் நான் தெரிந்துகொண்டேன். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் பறவைகளின் கதை.

சூரியனுடைய தேரை ஓட்டுகிற அருணனுக்குப் பிள்ளைகள் இந்த இருவரும். இளமைத் திமிர். யார் முதலில் சூரியனை எட்டுவது என்று போட்டி போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். இந்த இடத்தை நாம் தாண்டிப் போய்விடக் கூடாது. அவர்கள் போட்டி போட்டவர்கள். எப்போதும் கைகோத்துக்கொண்டு திரிந்த சகோதரர்கள் இல்லை. நீயா நானா என்று பறந்தவர்கள். மேலே போகப் போக வெயில் ஏறுகிறது. நடு உச்சி. சடாயு தள்ளாடுகிறான். தம்பி தோற்கிறான் என்றால் அண்ணன் ஜெயிக்கிறான் என்றுதானே அர்த்தம்? அந்த நேரத்தில் சம்பாதி என்ன செய்தான்? போட்டியை அங்கேயே விட்டான். தம்பிக்கு மேலே போய்த் தன் சிறகை விரித்தான். நிழல் விழுந்தது. தம்பியின் சிறகு தப்பியது, அண்ணனுடையது கருகியது. ஒருவன் விந்திய மலையில் விழுந்தான், ஒருவன் ஜனஸ்தானத்தில் விழுந்தான். அப்பா தேரோட்டுகிற அதே சூரியன்தான் பிள்ளையின் சிறகை எரித்தது. அருணன் கடிவாளத்தை விட முடியுமா? விட்டால் உலகத்துக்கு விடியாது. அவன் அதைப் பார்த்துக்கொண்டேதான் தேரை ஓட்டியிருப்பான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிக்கிற இடம் அது.

நம் பெரியவரை எல்லோரும் கோயிலில் பார்த்திருக்கிறீர்கள். தீபாராதனை காட்டும்போது எல்லாருடைய கையும் தலைக்கு மேலே போகும். அவர் கை மட்டும் மார்போடு நிற்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது, "இந்த மனுஷனுக்கு என்ன இவ்வளவு இறுமாப்பு, சாமிக்குக்கூடக் கையைத் தூக்கமாட்டார்" என்று நினைத்திருக்கிறேன். பெரியவனாகி மேடையில் ஏறிய பிறகும் ஒருதரம், அவர் முன்வரிசையில் இருக்கும்போதே, "ஆண்டவன் முன்னாலாவது கையைத் தூக்க வேண்டாமா" என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இடது கை என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், "தென்ன மரத்துலேருந்து உழுந்துட்டேன்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

போன வருஷம் மாசியில் பெரியவர் போய்விட்டார். பத்தாம் நாள் சாயங்காலம் சின்னவரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவராகவே பேச ஆரம்பித்தார். "புயலடிச்ச அன்னிக்கி மாட்டை அவுத்து வுடலாம்னு நாங்க ரெண்டு பேரும் கொட்டாய்க்குள்ள போனோம் தம்பி. சுவரு ஊறிப்போயிருந்துச்சு. சாயுறது எனக்குத் தெரியல. அண்ணனுக்குத் தெரிஞ்சுது. என்னைக் கீழ தள்ளி மேல கவுந்துக்கிட்டாரு. பனஞ்சட்டம் அவரு தோள்ல உழுந்துது. விடியிற வரைக்கும் அப்படியே கெடந்தோம். நான் அழுவுறேன், அவரு 'மாடு கத்துதாடா, கத்துதாடா'ன்னு கேக்குறாரு." நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டார். எலும்பு கூடியது, ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. அப்போது பெரியவருக்குப் பத்தொன்பது வயது. கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை. கொட்டாய் விழுந்தது என்று சொன்னால் தம்பியால்தான் இப்படி ஆயிற்று என்று நாலு பேர் சொல்வார்கள், தம்பி காதில் அது விழும். அதனால்தான் தென்னை மரம். எழுபது வருஷம் அந்தத் தென்னை மரத்தையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்பர்களே, அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் மேடையில் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் இருக்கும்போது மன்னிப்புக் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இன்றைக்கு இந்தச் சந்நிதியில் கேட்டுக்கொள்கிறேன். மார்போடு நின்ற அந்தக் கை, நாம் எல்லோரும் தலைக்கு மேலே தூக்கிய கைகளைவிட முன்னாலேயே இறைவனைத் தொட்டுவிட்டது.

இனி சடாயுவுக்கு வருவோம். அண்ணன் காப்பாற்றிக் கொடுத்த சிறகு தம்பியிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தான்? காடு காடாகப் பறந்தான், தசரதனோடு நட்புக் கொண்டான், கிழவன் ஆனான். ஒருநாள் ஒரு பெண் அழுகிற குரல் கேட்டது. ராவணனிடம் அவன் பேசுவதைக் கவனியுங்கள். எனக்கு வயதாகிவிட்டது, நீ இளைஞன், உன்னிடம் தேர் இருக்கிறது, வில் இருக்கிறது, இருந்தாலும் நான் உயிரோடு இருக்கும்போது நீ இவளைக் கொண்டுபோக முடியாது என்கிறான். தோற்பான் என்று அவனுக்கே தெரியும். சிறகு போகும் என்றும் தெரியும். ஆனால் அந்தச் சிறகு அவனுடையதே இல்லை. என்றோ ஒரு நடுப்பகலில் அண்ணன் எரிந்து கொடுத்தது. கடனாக வந்ததைப் பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொள்வதா, யாருக்காவது வேண்டியபோது செலவழிப்பதா? ராவணன் வாள் வெட்டியபோது விழுந்தது சடாயுவின் சிறகு மட்டும்தானா? சம்பாதியுடையதும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உரைகாரர்கள் இப்படிச் சொல்லியிருக்கிறார்களா என்று நான் தேடவில்லை. சின்னவரைப் பார்த்துத்தான் எனக்கு இது பிடிபட்டது.

நம் ஊர் கடைமடைப் பக்கம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள். அங்கிருந்து ஆறாகி, வாய்க்காலாகி நமக்கு எட்டும்போது ஜனங்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள். தட்டுப்பாடான வருஷத்தில் முறைத்தண்ணீர். உன் முறை ராத்திரி ரெண்டு மணிக்கு என்றால் ரெண்டு மணிக்கு மடையில் ஆள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். கடைசி மடையில் மூன்று மா நிலம், ஆண் துணை இல்லாத ஒரு அம்மாவுடையது. கைக்குழந்தையோடு கணவனை இழந்தவர். சின்னவர் அந்த முறைக்கு வருஷம் முழுக்கப் போய் நின்றார். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை. அந்தக் குழந்தை வளர்ந்து மண்வெட்டி பிடிக்கிற வரைக்கும் நின்றார். பாம்பு ஓடுகிற வரப்பு, தோளில் ஒரு அரிக்கேன் விளக்கு, கையில் மண்வெட்டி. ஏன் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த அம்மா கூலி கொடுக்க வந்தபோது, "எனக்குத் தூக்கம் வர்றதில்ல தங்கச்சி" என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பிள்ளை இதோ நடுவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கே இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது.

இப்படிச் சொன்னதும் இவர்கள் இரண்டு பேரும் மனஸ்தாபமே அறியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஊருக்குத் தெரியும் அவர்கள் சண்டை. அறுபதுகளில் ஆடுதுறை 27 வந்தது. சீக்கிரம் விளைகிற குறுவை நெல். சின்னவர் முதல் வருஷமே போட்டார். யூரியா மூட்டை வண்டியில் வந்து இறங்கியது. பெரியவர் தன் பங்கில் கிச்சடிச் சம்பாவை விடமாட்டேன் என்றார். "மண்ணுக்குச் சாராயம் ஊத்துறான்" என்று அண்ணன் சொல்ல, "அவரு வயலு ஆறு மாசம் படுத்துத் தூங்குது" என்று தம்பி சொல்ல, டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நாலு நாளைக்குப் பேச்சு அதுதான். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தம்பி போட்ட நெல் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. அண்ணன் காப்பாற்றிய விதையைத் தேடி இப்போது படித்த பிள்ளைகள் வருகிறார்கள்.

ஒரு வருஷம் அந்தச் சண்டை முற்றிப் போய்விட்டது. சின்னவர் டிராக்டர் வாங்குவதற்காக மாட்டை விற்றுவிட்டார். அப்பா வளர்த்த மாட்டின் வழியில் வந்த ஜோடி. பெரியவர் ஆறு மாதம் தம்பியோடு பேசவில்லை. ஒரே வாசல், இரண்டு அடுப்பு, பேச்சு இல்லை.

இங்கேதான் அந்த வரப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா காலமான பிறகு ஒரு வேலியைப் பத்து மா, பத்து மாவாகப் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு வரப்பு. நீங்கள் உழவர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பட்டணத்திலிருந்து வந்திருக்கிற பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு போகத்துக்கும் வரப்பை அண்டை வெட்டி அண்டை கட்ட வேண்டும். பக்கத்தில் முளைத்த புல்லை மண்வெட்டியால் செதுக்கி, நண்டு வளை எலி வளைகளை மிதித்து மூடி, சேற்றை அள்ளி வைத்துப் பூச வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் நிற்காது. செதுக்கும்போது மண்வெட்டி ஒரு விரல் உள்ளே போகும். பூசும்போது ஒரு விரல் குறைவாக வைக்கலாம். ஒரு வருஷத்தில் யாருக்கும் தெரியாது. பத்து வருஷம் இரண்டு பக்கமும் இப்படிச் செதுக்கினால், கடைசியில் அந்த வரப்பில் ஒற்றைக்கால் வைக்க இடம் இருக்காது. பிறகு கல் நடுவது, போலீசு, வக்கீல். நம் பக்கத்தில் எத்தனை குடும்பம் ஒரு விரல் மண்ணுக்காகப் பிரிந்து போயிருக்கிறது!

என் குடும்பமும் அதில் ஒன்று. எங்களுக்குள் வயல் இல்லை, வீட்டுச் சுவர். நானும் என் தம்பியும் ஒன்பது வருஷம் கோர்ட்டுக்கு நடந்தோம். அளக்க ஆளைக் கூட்டி வந்தவன் நான்தான், அண்ணன்தான். சம்பாதியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற வாய் இது. வீட்டில் தம்பி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பக்கத்துச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டும் நான் எழுந்து போகவில்லை.

நாங்கள் அப்படிக் கிடந்த காலத்தில் ஒருநாள் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அளந்து பாத்தியா தம்பி?" என்றார். பார்த்தேன் என்றேன். "எவ்ளோ கூடுதலா வந்துச்சு?" ஒரு அடி மூணு அங்குலம் என்றேன். "சரி. நாளைக்கிக் காலம்பற நம்ம வயலுக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போனேன். அவர் அந்த நடு வரப்பில் என்னை நடக்கச் சொன்னார். நான் முன்னால் நடக்க, அவர் பின்னால் வருவார் என்று நினைத்தேன். வரப்பு என்றால் அப்படித்தானே, ஒருவர் பின்னால் ஒருவர்தான் போக முடியும். அவர் என் பக்கத்தில் வந்து என்னோடு சேர்ந்து நடந்தார். ஐந்தடி அகலம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேரும் புல்லை மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். மண்ணை வெட்டவில்லை. பூசும்போது மட்டும் ஒரு மண்வெட்டி சேறு கூடுதலாக வைத்திருக்கிறார்கள். அவனவன் தன் வயலை நோக்கியே வரப்பை வளர்த்திருக்கிறான். இருவரும் பேசி வைத்துக்கொண்டது கிடையாது. ஒருவர் செய்வது ஒருவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

பேசாமல் இருந்த அந்த ஆறு மாதத்திலும் புரட்டாசியில் அண்டை கட்டுகிற நாள் வந்ததாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். குனிந்து பூசிக்கொண்டே போகிறார்கள். பேச்சு இல்லை. வரப்பின் நடுவில் பெரியவருடைய வெற்றிலைப் பை. வேலை முடிந்து பார்த்தால் இரண்டு வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் குறைந்திருந்ததாம். மறுநாள் பெரியவர் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். இதைச் சொல்லும்போது சின்னவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

என் தம்பி இன்று பின்வரிசையில் இருக்கிறான். அதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை.

பிறகு கஷ்ட காலம் வந்தது. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஆனியில் இரண்டு கிழவர்களும் மதகடியில் போய் உட்கார்ந்திருப்பார்கள். காய்ந்த வாய்க்காலில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும். நான் ஒருநாள் கேட்டேன், "இன்னும் திறக்கவே இல்லையே பெரியப்பா, ஏன் வந்து உக்கார்றீங்க?" என்று. "தண்ணி வர்றப்ப ஆளு இல்லாமப் போச்சுன்னா அதுக்கு மனசு கஷ்டமா இருக்கும்ல" என்றார் பெரியவர். வருகிற காவிரியை வாசலில் நின்று வரவேற்க வேண்டிய விருந்தாளியாகப் பார்த்த மனிதர்! 2020-இல் சரியான தேதியில் திறந்தார்கள். தண்ணீர் நம் ஊர் மதகுக்கு வந்தபோது பூவும் நெல்லும் தூவினோம். பெரியவர் படியில் இறங்கி, வலது கையால் தண்ணீரை அள்ளித் தம்பி தலையில் தெளித்தார். அப்போது அவருக்கு வயது எண்பத்தேழு. சின்னவர் சின்னப் பையனைப்போலத் தலையைக் குனிந்து நின்றார்.

இனி, போனதைச் சொல்ல வேண்டும்.

மாடு மேய்க்கிற ஆயர்பாடியில் வளர்ந்த இரண்டு சகோதரர்கள் புராணத்தில் உண்டு. பலராமன், கண்ணன். தம்பி கையில் குழல், அண்ணன் தோளில் கலப்பை. யமுனையைக் கூப்பிட்டான், அது வரவில்லை, கலப்பையால் இழுத்து வந்தான் என்பார்கள். வேறு எந்த ஊர்க்காரருக்கும் அது அற்புதமாகத் தெரியலாம். வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த நமக்கு அது தெரிந்த வேலை. அந்தப் பலராமன் கடைசியில் கடற்கரையில் யோகத்தில் உட்கார்ந்தான். அவன் உயிர் வெண்ணிறப் பாம்பாகிக் கடலுக்குள் போனதைக் கண்ணன் நின்று பார்த்தான். பார்த்த பிறகு காட்டுக்குள் போய்ப் படுத்தான். வேடன் அம்பு அதற்குப் பிறகுதான் வந்தது. கீதை சொன்னவன், பிறப்பு இறப்பு இல்லாதவன், அவனும் அண்ணன் போகிற வரைக்கும் இருந்துவிட்டுத்தான் போனான்.

சம்பாதியின் கதை அதைவிட நீளம். சிறகில்லாமல் ஒரு மலை உச்சியில், மகன் கொண்டுவந்து போடுகிற இரையைத் தின்றுகொண்டு, வருஷக் கணக்காகக் கிடக்கிறான். வானரர்கள் வருகிறார்கள். பசி. இவர்களைத் தின்னலாம் என்று நினைக்கிறான். அவர்கள் பேச்சில் சடாயு என்ற பெயர் வருகிறது. பசி போய்விட்டது. "என் தம்பி பெயரைச் சொன்னது யார்? என்னைக் கீழே இறக்கி விடுங்கள்" என்கிறான். தம்பி செத்த செய்தியைக் கேட்கிறான். கடற்கரைக்குத் தூக்கிப் போகச் சொல்கிறான். தம்பிக்கு நீர்க்கடன் கொடுக்கிறான். அண்ணன் தம்பிக்குக் கொடுக்கிற நீர். சிறகு அதற்குப் பிறகுதான் முளைக்கிறது. ராம நாமம் சொன்னதால் முளைத்தது என்கிறார் கம்பர். சீதை இருக்கிற இடத்தைச் சொன்னதால் முளைத்தது என்கிறார் வால்மீகி. இரண்டுக்கும் முன்னால், தம்பிக்கு நீர் விட்டுவிட்டான்.

நம் ஊரில் இது திரும்பி நடந்தது. பெரியவருக்குப் பதினாறாம் நாள் காரியம். பிள்ளைகள் எல்லாம் முறையாகச் செய்தார்கள். முடிந்ததும் சின்னவர் வாய்க்காலில் இறங்கினார். தம்பிக்கு அங்கே சடங்கில் வேலை எதுவும் கிடையாது, அய்யர்கூட எழுந்துவிட்டார். இவர் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, தலைக்கு மேலே உயர்த்தி, விட்டார். மூன்று தரம். அந்தக் கைகள் எவ்வளவு உயரம் போயின என்பதைக் கரையில் நின்றவர்களில் நான் ஒருவன்தான் புரிந்துகொண்டு பார்த்தேன். எனக்கு மட்டும்தான் அந்தக் கொட்டாயின் கதை தெரியும்.

மூன்றாம் நாள் விடியற்காலை சின்னவரும் போய்விட்டார். வியாதி என்று ஒன்றும் இல்லை. ராத்திரி மோர் சாதம் சாப்பிட்டார். "காலம்பற உளுந்து எடுக்கணும், எழுப்பி வுடு" என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் படுத்தார்.

பிள்ளைகள் பட்டா மாற்றுவதற்காக இந்தத் தை மாதம் சர்வேயரைக் கூப்பிட்டார்கள். அவர் புலப்படத்தை விரித்துப் பார்த்து, அளந்து, திரும்ப அளந்து, "என்னங்க இது, ரெண்டு பேருக்குமே நிலம் குறையுதே" என்றாராம். வரப்பைச் சரியான அளவுக்குக் குறைத்தால் இரண்டு பக்கமும் கிடைக்கும், கல் நட்டுத் தரட்டுமா என்று கேட்டார். பெரியவர் மகனும் சின்னவர் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது கெடக்கட்டும் சார்" என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்களாம். இதைச் சர்வேயரே என்னிடம் சொன்னார்.

அந்த வரப்பில் ரொம்ப நாளாகவே பயறு போடுவார்கள். அது யாருடைய பங்கும் இல்லை. வரப்பு அகலமாக அகலமாகப் பயறும் கூடிக்கொண்டே வந்தது. அதில் விளைவது முழுவதும் கோயிலுக்குத்தான். கிருத்திகைக்கும் பிரதோஷத்துக்கும் நீங்கள் சாப்பிடுகிற சுண்டல் அந்த வரப்புதான் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெரியவர் வீட்டு அம்மாவும் சின்னவர் வீட்டு அம்மாவும் இன்றைக்கு மத்தியானம் முழுக்க மடைப்பள்ளியில் இருந்தார்கள். இந்த வருஷத்துப் பயறு. தேங்காய் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருக்கிறார்கள்.

தீபாராதனை ஆனதும் வரிசையாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளை முன்னால் விடுங்கள்.

திருச்சிற்றம்பலம்.